ஆர்க்கிட் தொட்டி மாற்றியாச்சு, தண்ணீர் எப்போது?

11 மார்ச் 2023, வாசகர் கேள்வி

இரண்டு வருஷமாக ஒரே பிளாஸ்டிக் கப்பில் இருந்த ஃபெலனாப்சிஸை இன்று பெரிய தொட்டிக்கு மாற்றினேன். ஒரு வாரம் சொட்டுத் தண்ணீர்கூடக் காட்டக் கூடாது என்று வீடியோவில் சொல்கிறார்கள். செடி விற்றவரோ, நட்டவுடன் தண்ணீர் விடாத செடி எங்காவது பிழைக்குமா என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். இலை இப்போதே கொஞ்சம் தொய்ந்த மாதிரி தெரிகிறது. யார் பேச்சைக் கேட்பது?

12 மார்ச், காலை, என் பதில்

வீடியோதான் சரி. ஏழு நாள். தொட்டி மாற்றும்போது எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாலும் நாலைந்து வேராவது முறியும். முறிந்த இடம் திறந்த புண். அதில் ஈரம் பட்டால் பூஞ்சையும் பாக்டீரியாவும் உள்ளே போகும், வேர் அழுகும். காய்ந்து தழும்பு கட்டிய பிறகு தண்ணீர் விட்டால் பயமில்லை. ஆர்க்கிட் நம் ஊர்க் கனகாம்பரம் இல்லை, ஒரு வாரம் தாங்கும். நான் மூன்று டென்ட்ரோபியத்தை இப்படித்தான் மாற்றினேன், மூன்றும் உயிரோடு இருக்கின்றன.

12 மார்ச், இரவு

காலையில் அவசரத்தில் எழுதியது. நீங்கள் கேட்டது ஃபெலனாப்சிஸ், நான் சொன்ன அனுபவம் டென்ட்ரோபியம். இரண்டும் ஒன்றல்ல. டென்ட்ரோபியத்துக்குக் கரும்பு மாதிரி தண்டு உண்டு, அதில் தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கும். ஃபெலனாப்சிஸுக்குத் தண்டுச் சேமிப்பு கிடையாது. இருப்பதெல்லாம் அந்தத் தடித்த இலையிலும் வேரிலும்தான். ஆனால் அதற்கு வேறொரு சாமர்த்தியம்: பகலில் இலையின் மூச்சுத் துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறக்கும், அதனால் வெயில் நேரத்தில் ஈரம் அதிகம் போகாது. ஆகவே ஏழு நாள் என்பதை ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

(ஐந்து எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். ஏழுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்கிறது.)

19 மார்ச்

ஐந்து எங்கிருந்து வந்தது என்று கேட்டேவிட்டார்கள். சரி, சோதித்துப் பார்த்துவிடலாம். நேற்று நர்சரியில் ஒரே அளவில் மூன்று சோனியா டென்ட்ரோபியம் வாங்கினேன். மூன்றிலும் நான்கு நான்கு தண்டு, அடியில் புதுக் குருத்து அரை விரல் நீளம். குருத்து வரும் சமயம்தான் தொட்டி மாற்ற நல்ல நேரம், புது வேர் அப்போதுதான் கிளம்பும்.

பழைய தேங்காய்நார்க் கட்டியைப் பிரித்தேன். அழுகிய வேரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பலமுறை கேட்டிருக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுங்கள். நல்ல வேர் விறைப்பாக நிற்கும். கெட்ட வேரின் மேல்தோல் பாம்பு சட்டை மாதிரி கழன்று கையோடு வந்துவிடும், உள்ளே பழுப்பு நூல் ஒன்று மட்டும் தொங்கும். கழன்று வருவதற்கு வெலமன் என்று பெயர். ஆர்க்கிட் வேரைச் சுற்றியிருக்கும் ஸ்பாஞ்சு அது. காய்ந்திருந்தால் வெள்ளி நிறம். தண்ணீர் பட்டதும் கண்ணாடி மாதிரி ஆகி உள்ளே இருக்கும் பச்சை தெரியும். கத்தரிக்கோலை கேஸ் அடுப்பில் காட்டிவிட்டு வெட்டினேன்.

மண்தொட்டி, பக்கவாட்டில் துளை, அடுப்புக்கரி இரண்டு பங்கு, ஓட்டுத்துண்டு ஒரு பங்கு. மூன்றும் சென்னை நங்கநல்லூர் வீட்டின் இரண்டாம் மாடி பால்கனியில், கிழக்குப் பார்த்து, பச்சை வலைக்குக் கீழே. முதல் தொட்டிக்கு அன்றே தண்ணீர், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டாவதுக்கு மூன்று நாள் பட்டினி. மூன்றாவதுக்கு முழு ஏழு நாள்.

26 மார்ச்

முடிவு வந்துவிட்டது. ஏழு நாள் பட்டினி கிடந்த மூன்றாவதுதான் முதலிடம்! தண்டு சுருங்கவே இல்லை. குருத்தின் அடியில் இரண்டு புது வேர்முனை எட்டிப் பார்க்கிறது, பச்சை மிளகு மாதிரி. முதல் தொட்டியில் கீழ் இலை ஒன்று மஞ்சள். இரண்டாவது அப்படியே நிற்கிறது, தண்டில் லேசான வரி.

இதில் ஒரு விந்தை. மூன்றாவதின் மேல் வேர்கள் சில நாள் காலையில் பச்சையாக இருந்தன. தண்ணீரே காட்டவில்லை! இரவுக் காற்றின் ஈரத்தையே வெலமன் உறிஞ்சிக்கொள்கிறது என்று நினைக்கிறேன். பட்டினி போட்டால் செடி தானே வழி தேடிக்கொள்கிறது. ஏழு நாள் கட்சிக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

2 ஏப்ரல்

மேலே இருப்பதை அழிக்கவில்லை. இருக்கட்டும், எனக்குத் தண்டனை.

இன்று ஞாயிறு, வழக்கத்துக்கு மாறாக ஆறரைக்கே எழுந்து பால்கனிக்குப் போனேன். அம்மா கையில் சொம்பு. மூன்றாவது தொட்டியின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நாளாக என்று கேட்டேன். "நீ கொண்டுவந்து வெச்ச மறுநாள்லேர்ந்து. மத்த ரெண்டுக்கும் நீயே ஊத்துற, இது மட்டும் காஞ்சு கிடக்கு. கேட்டா பரிசோதனைங்கற. வாயில்லா ஜீவன்டா அது." தினமும் காலையில் ஒரு சொம்பு. முதல் இரண்டு நாள் அரிசி களைந்த தண்ணீர்.

ஆக, பட்டினி கிடந்ததாக நான் மெச்சிய செடிதான் மூன்றிலேயே அதிகம் தண்ணீர் குடித்தது. இரவுக் காற்றின் ஈரம் என்று நான் எழுதியது அம்மாவின் சொம்பு. வெலமன் வேகமாகக் குடிக்கும், உண்மைதான். ஆனால் அதற்கு மழையோ பனித்துளியோ சொம்போ, திரவமாக ஏதாவது வந்து தொட வேண்டும்.

3 ஏப்ரல்

கிண்டல் எல்லாம் படித்தேன். "ஆய்வகத்துக்கு அம்மாவைத் தலைவராகப் போடுங்கள்" என்றவருக்கு: அவர் ஏற்கெனவே தலைவர்தான்.

சிரித்து முடித்த பிறகு யோசித்தால் இதில் விஷயம் இருக்கிறது. வெட்டுப்பட்ட வேரோடு நட்ட செடிக்கு மறுநாளிலிருந்து தினமும் தண்ணீர், அதுவும் முதலில் அரிசி களைந்த தண்ணீர், அழுகவில்லை. ஏன்? கரியும் ஓடும் தண்ணீரைப் பிடித்து வைப்பதில்லை. ஊற்றிய அரை மணியில் வேரைச் சுற்றி வெறும் காற்றுதான். ஏப்ரல் மாதச் சென்னை, மதியம் 35 டிகிரி, பால்கனியில் காற்று. அந்த இடத்தில் புண் தானாகவே காய்ந்துவிடுகிறது. நான் தனியாகக் காயப்போட வேண்டியதில்லை.

ஏழு நாள் என்பதைக் குளிர்ந்த ஊர்க் கண்ணாடி வீடுகளில் இருப்பவர்களும் சொல்கிறார்கள். அங்கே மரப்பட்டையிலும் பஞ்சு போன்ற ஸ்பாக்னம் பாசியிலும் நடுகிறார்கள், அது நாள்கணக்கில் ஈரம் காக்கும். அவர்கள் ஏழு நாள் சும்மா இருந்தாலும் தொட்டிக்குள் ஈரம் இருக்கும். நாம் அதே ஏழை இங்கே கரித் தொட்டியில் போட்டால் அது ஏழு நாள் அடுப்பு. காரணத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம், நானும் சேர்த்துத்தான்.

முதல் தொட்டியின் மஞ்சள் இலையை வைத்து நான் போட்ட முடிவும் தப்பு. பழைய தண்டின் கீழ் இலை எப்படியும் ஒருநாள் உதிரத்தான் செய்யும்.

9 ஏப்ரல்

கோவைக்காரர் கேட்டது: வெட்டிய வேரில் சமையலுக்குப் போடும் இலவங்கப்பட்டைத் தூள் வைக்கலாமா? இலையில், தண்டில் வெட்டு என்றால் வைக்கலாம். பூஞ்சையைத் தடுக்கும், ஈரத்தை இழுக்கும். அந்த இழுப்புதான் வேருக்கு ஆகாது. போன வருஷம் பஜ்ஜிக்கு மாவு தோய்ப்பது போல ஒரு செடியின் வேர் முழுக்கப் பட்டைத் தூளில் புரட்டினேன். நல்ல வேரும் சேர்ந்து காகிதமாகிவிட்டது. வெட்டிய நுனியில் மட்டும், தீக்குச்சித் தலையளவு போதும். மஞ்சள் தூள் குழைத்து வைப்பவர்களும் உண்டு. நானும் வைத்திருக்கிறேன், கெடுதல் ஒன்றும் பார்க்கவில்லை.

14 மே

கத்திரி. காலை ஒன்பதுக்கே தரை சுடுகிறது. இப்போது தொட்டி மாற்றலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். செடி அழுகிக்கொண்டிருந்தால் ஒழிய வேண்டாம்.

மரப்பட்டையில் நடுபவர்களுக்கு ஒன்று. புதுப் பட்டை தண்ணீரை வாங்காது. மேலே ஊற்றினால் உருண்டு ஓடி அடித்துளை வழியாக வெளியே வந்துவிடும். நீங்கள் தண்ணீர் விட்டதாக நினைப்பீர்கள், பட்டை நனைந்தே இருக்காது. நடுவதற்கு முந்தின இரவே ஊறப் போடுங்கள். தேங்காய் மட்டைத் துண்டு என்றால் இன்னும் கவனம். மட்டையில் உப்பு இருக்கும். டீத் தண்ணீர் நிறத்தில் சாயம் இறங்கும். மூன்று நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, சாயம் வெளுத்த பிறகு நடுங்கள். ஊறிய பட்டையில் நட்டுவிட்டால் உடனே ஊற்றுவதா வேண்டாமா என்ற சண்டைக்கே வேலையில்லை. வேரைச் சுற்றி ஈரமும் இருக்கிறது, தேங்கியும் நிற்கவில்லை.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் போர் தண்ணீரில், கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை விட்டால் 1,100 காட்டுகிறது. ஆர்.ஓ. மெஷின் கழித்துத் தள்ளும் தண்ணீர் வீணாகிறதே என்று செடிக்கு ஊற்றுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் போகிறது, போர் தண்ணீரைவிட மோசம். புதிதாக வெட்டுப்பட்ட வேருக்கு அது புண்ணில் உப்பு வைத்த கதைதான். ஏ.சி. சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து வைத்தேன், மீட்டர் 30-க்குள். இரண்டு மாதமாக அதுதான். வேர்முனையில் வந்துகொண்டிருந்த கருப்பு நின்றுவிட்டது.

19 ஜூன்

ராத்திரி முழுக்க மழை, இன்று பள்ளி விடுமுறை. ஜூனில் சென்னைக்கு இப்படி ஒரு மழை! பாத்திரம், அண்டா, பக்கெட் எல்லாம் மொட்டைமாடியில். இந்தத் தண்ணீருக்கு மீட்டர் வேண்டாம்.

8 ஜூலை

முதலில் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். என் பேச்சைக் கேட்டு ஐந்து நாள் பொறுத்தாராம், பிறகு வாரம் இருமுறை ஊற்றினாராம், செடி போய்விட்டது. இலை தோல்பை மாதிரி தொங்கியதும் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றியிருக்கிறார். நானும் அதையேதான் செய்திருப்பேன்.

தூக்கிப் போடுமுன் செடியைக் கிழித்துப் பாருங்கள் என்று சொன்னேன். படம் அனுப்பினார். தண்டுக்கு நேர் கீழே, வேர்களின் நடுவில், கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கருப்பு உருண்டை. நாற்றாக இருந்தபோது நர்சரியில் அதைச் சுற்றி அமுக்கி வைத்த பாசி அது, சின்ன வலைக்கூடையோடு. தொட்டி மாற்றும்போது வெளியே இருந்த பாசியை எடுத்திருக்கிறார், நடுவில் இருந்தது கண்ணில் படவில்லை. வெளியே பட்டை காய்ந்திருக்கும், நடுவில் அந்த உருண்டை சதசதவென்றே இருந்திருக்கும். ஐந்து நாள் பொறுத்தாலும் ஐம்பது நாள் பொறுத்தாலும் அது காயாது.

வேர் போனால் இலை தொங்கும், தண்ணீர் போதாவிட்டாலும் இலை தொங்கும். மேலே பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. ஃபெலனாப்சிஸ் தொட்டி மாற்றுகிறவர்கள் அந்த நடு உருண்டையைக் கண்டுபிடித்து, கூடையைக் கத்தரித்து, சாமணத்தால் பாசியை நூல் நூலாக எடுங்கள். எனக்கு ஒரு செடிக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

அவருடைய செடிக்கு நான் பாதிப் பொறுப்பு. நேரில் வந்தால் ஒன்று தருகிறேன்.

20 ஆகஸ்ட்

ஏற்காடு போய் வந்தேன். இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தேசிய ஆர்க்கிட் பூங்கா அங்கே இருக்கிறது. 1,500 மீட்டர் உயரம், மத்தியானமே மஞ்சு இறங்குகிறது. அங்கே நின்றபோது தோன்றியது: இந்த ஊர்க்காரர் ஒருவரும் நங்கநல்லூர் நானும் "எத்தனை நாள்" என்று சண்டை போட்டால் இரண்டு பேரும் சரியாக இருப்போம்.

போகும் வழியில் மாமரத்தில் வாண்டா டெசெல்லேட்டா என்ற காட்டு ஆர்க்கிட்டைப் பார்த்தேன். பூ இல்லை, வேர் மட்டும் கிளையைக் கட்டிக்கொண்டு கிடந்தது, பாதி வெயிலில். எங்கள் அடுக்ககத்து மலையாளி அக்கா இதையெல்லாம் மரவாழை என்பார். அவருடைய தாத்தா வீட்டுப் பலா மரத்தில் நிறைய இருந்ததாம், யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை, ஊற்றலாம் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

27 ஆகஸ்ட்

ஈரம் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும், விரலை விட்டால் மேல் ஈரம்தானே தெரிகிறது என்று கேட்டவருக்கு: துடைப்பத்திலிருந்து ஒரு தென்னை ஈர்க்குச்சி உருவுங்கள். தொட்டியின் நடுவரை செருகி அங்கேயே விட்டுவிடுங்கள். உருவிக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத குளிர்ச்சி கன்னத்துக்குத் தெரியும். ஜில்லென்றால் இன்று வேண்டாம். தொட்டியைத் தூக்கிப் பார்த்து எடையை வைத்துச் சொல்வதும் சரிதான், ஆனால் மண்தொட்டியே தண்ணீர் குடிக்கும், அதனால் கை ஏமாறும்.

10 டிசம்பர்

மிக்ஜாம் புயல் மழையில் கரண்ட் மூன்று நாள் இல்லை. செடிக் கணக்கு இப்போதுதான் பார்க்கிறேன்.

நவம்பர் 26 அன்று ஒரு ஃபெலனாப்சிஸை மாற்றினேன், பாசியில். பாசியை நனைத்துப் பிழிந்துதான் வைத்தேன், அதற்கு மேல் ஊற்றவில்லை. எல்லாம் ஒழுங்கு. டிசம்பர் 3, 4 இரண்டு நாளும் சாரல் பால்கனிக்குள்ளேயே அடித்தது. செடியின் நடுக் குழியில் தண்ணீர் நின்றிருக்கிறது. ஐந்தாம் தேதி டார்ச் அடித்துப் பார்த்தபோது நடு இலை வெந்த கத்தரிக்காய்த் தோல் மாதிரி, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. ஒரு நாற்றம் வேறு. எர்வினியா வகை பாக்டீரியாவாகத்தான் இருக்க வேண்டும், இவ்வளவு வேகமாகப் போனால். சாதாரண நாளில் அந்தக் குழியில் ஒரு சொட்டு நின்றாலும் டிஷ்யூ காகிதத்தால் ஒற்றி எடுப்பவன் நான். புயல் அன்று வீட்டுக்குள் எடுத்து வைக்கத் தோன்றவில்லை. தரைத்தளக் கார்களைப் பற்றித்தான் எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தோம்.

பக்கத்திலேயே கரித் தொட்டியில் இருந்த மூன்று சோனியாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

11 டிசம்பர்

அப்போ ஐப்பசி, கார்த்திகையில் ஏழு நாள் கட்சி சரிதானே என்கிறார் சேலத்து நண்பர். சரிதான். அந்த மாதங்களில் காற்றே ஈரம், வெட்டு காயாது. செடியை வீட்டுக்குள் ஃபேன் காற்றுப் படும் இடத்தில் வைத்து, நாலைந்து நாள் வேர்ப் பக்கம் தண்ணீர் காட்டாமல் இருங்கள். மார்ச்சில் நான் சொன்னது டிசம்பருக்குப் பொருந்தியிருக்கும். ஒன்பது மாதம் முன்னால் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

21 ஜனவரி 2024

இத்தனை பக்கம் படிக்க நேரமில்லை, ஒரே வரியில் சொல்லுங்கள் என்று புதிதாக ஒருவர். ஒரே வரியில் வராது. நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன்.

வேரையே தொடாமல், கட்டியோடு தூக்கிப் பெரிய தொட்டியில் வைத்தேன் என்றால் அன்றைக்கே தண்ணீர். புண்ணே இல்லை, எதற்குக் காத்திருப்பது? கொஞ்சம் வெட்டினேன், கரியும் ஓடும், வெயில் காலம் என்றால் மறுநாள் காலை. நிறைய வெட்டினேன், பட்டை அல்லது பாசி என்றால் நனைத்த பட்டை, பிழிந்த பாசி, நிழல், பிறகு ஈர்க்குச்சி சொல்லும்வரை சும்மா இருப்பது. அது பிப்ரவரியில் மூன்று நாளில் சொல்லும், நவம்பரில் பத்து நாள்கூட ஆகும். இலைக்கு மட்டும் காலையில் லேசாகப் புகைபோலத் தெளிப்பேன், சாயங்காலம் தெளிக்க மாட்டேன்.

4 பிப்ரவரி 2024

மூன்றாவது தொட்டியில் பூந்தண்டு விட்டிருக்கிறது, ஒன்பது மொட்டு. மற்ற இரண்டிலும் இல்லை. அம்மா எதுவும் சொல்லவில்லை. சொம்பைக் கழுவிப் பால்கனி ஜன்னலிலேயே கவிழ்த்து வைத்திருக்கிறார்.

சேலத்து நண்பருக்கு: வாண்டாவைத் தொட்டி மாற்றுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். தொட்டியே வேண்டாம். மரக்கூடையில் வெறும் வேராகத் தொங்கவிடுங்கள். தினம் காலையில் வாளித் தண்ணீரில் வேர் முழுக்கப் பச்சையாகும்வரை, பத்து நிமிஷம், முக்கி எடுங்கள். முறிந்த வேர் இருந்தால் மட்டும் ஒரு நாள் விட்டு ஆரம்பியுங்கள்.